இரண்டாவது பிரேக்

அன்றைக்குக் காலையிலிருந்தே பிரேக்கக்காவுக்கு யாரைப் பார்த்தாலும் எரிந்துகொண்டு வந்தது. சிக்னலில் பச்சை விழும் முன்பே முதுகுக்குப் பின்னால் ஹாரனை அலறவிட்ட வேன்காரன் மேல் கோபம். கிளட்சை விடச் சொன்னால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்ட பல் ஆஸ்பத்திரி நர்ஸ் மேல் கோபம். இதோ வருகிறேன் என்று கறுத்து மூடிக்கொண்டு, வராமல், ஊரையே பானைக்குள் வைத்து வேகவைத்துக்கொண்டிருந்த மழை மேல் கோபம். வானத்தையும் திட்ட முடியாது, பணம் கட்டிப் படிக்க வந்தவளையும் திட்ட முடியாது. அதனால் எல்லாக் கோபமும் வயிற்றுக்குள் இறங்கி, காலையில் தின்ற ரொட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

பிரேக்கக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அண்ணன் நடத்துகிற டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் அவள். அந்தக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று, ஓட்டுகிறவர் காலுக்கடியில். அவருக்கு அது ஞாபகம் வருவதற்குள் எதிரில் இருப்பது பக்கத்தில் வந்துவிடும். இன்னொன்று, சொல்லிக்கொடுக்கிறவள் காலுக்கடியில். ஊரில் இத்தனை விளக்குக் கம்பங்கள் இன்னும் நேராக நிற்பதற்கு அந்த இரண்டாவது பிரேக்தான் காரணம். அவள் அழுத்தினால், ஓட்டுகிறவர் காலுக்கடியில் இருக்கிற முதல் பிரேக்கும் பேய் அழுத்தினதுபோலத் தானாக உள்ளே போகும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துதான் முதல் நாள் அலறுவார்கள்.

இந்த உத்தியோகம் அவள் காலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பஸ்ஸில் போனால் முன் சீட்டுக் கம்பியை மிதிப்பாள். டிவியில் கார் துரத்தினால் சோபாவுக்கடியில் கால் உதைக்கும். அடுப்பில் பால் பொங்கினால் கை போவதற்கு முன்னால் கால் தரையை அழுத்தும். பால் அதையெல்லாம் மதிப்பதில்லை.

காலுக்கு இப்படி ஒரு குணம் என்றால் காதுக்கு வேறொன்று. கார் விசித்திரமான அறை. இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. இருவருக்கும் கண் ரோட்டில். அதனால் முதல் கியரில் வாயை மூடிக்கொண்டு வருகிறவர்கள் மூன்றாவது கியருக்குள் குடும்பத்தையே அவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். மாமியார் சொன்னது, மகன் சொல்லாதது, ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரன் பண்ணுவது. அக்கா ரோட்டைப் பார்த்தபடி "ம்" என்பாள். "இண்டிகேட்டர் போடுங்க" என்பாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தால், "சரி விடுங்க, எல்லாம் சரியாயிடும், இடது பக்கம் ஒடிங்க" என்பாள். இறங்கும்போது அவர்கள் மூக்கைச் சிந்திவிட்டு, "அக்கா, நீங்க இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல. பேசாம கவுன்சிலிங் படிச்சுட்டு அதையே தொழிலாப் பண்ணுங்க" என்றுவிட்டுப் போவார்கள்.

ஒருத்தர் சொன்னால் சிரிக்கலாம். வருகிறவர் போகிறவர் எல்லாம் சொன்னால் ஆசை வராதா? அவளுக்கும் வந்தது. நாள் முழுக்க வெயிலிலும் டீசல் புகையிலும் அடுத்தவர் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு சுற்றுவதற்குப் பதில், மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதே பயத்தைக் கேட்டால் ஆகாதா? பல் ஆஸ்பத்திரி நர்ஸ்தான் அந்தப் பயிற்சி மையத்தைக் கண்டுபிடித்துச் சொன்னாள். சேர்த்துக்கொள்வதற்கு முன் ஒரு நாள் வரச்சொல்லிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நாள், நேற்று.

கோபத்துக்கும் அதுதான் காரணம்.

அறையில் இரண்டு நாற்காலிகள், எதிரெதிராக. பயிற்சி கொடுக்கிற அம்மாள் தொண்டை கரகரத்த, கட்டையான மனுஷி. ரொம்ப நாள் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்துவிட்டு இதற்கு வந்தவராம். "நான் உங்ககிட்ட வந்திருக்கிறவ. நான் பேசறேன், நீங்க கேளுங்க," என்றார். தன் தம்பியைப் பற்றிப் பேசினார். அம்மா செத்த வீட்டில் ஏதோ பேச்சு வந்து, அதிலிருந்து அவன் பேசுவதில்லை. அக்காவுக்கு இதெல்லாம் இரண்டாவது கியர் சமாசாரம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"அன்னிக்கு நான் அவனப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டேன். அது என்னன்னா..."

"அட விடுங்கம்மா. கூடப் பொறந்தவங்க எத்தன நாளைக்குப் பேசாம இருப்பாங்க? தானா வருவாரு பாருங்க."

அந்த அம்மாள் வேறு பக்கமாகச் சுற்றி வந்தார். மறுபடியும் அதே இடம். மறுபடியும் அக்கா, "எல்லாம் சரியாயிடும்மா," என்றாள். மூன்றாம் முறை அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார்.

"உங்க கால் என்ன பண்ணுது?"

குனிந்து பார்த்தாள். வலது கால் தரையை நசுக்கிக்கொண்டிருந்தது. குதிகாலுக்கடியில் விரிப்பு சுருண்டு போயிருந்தது.

"பழக்கம்மா. நம்ம வேல அப்படி."

"காலும் வாயும் ஒண்ணாத்தான் போகுது. நான் வலிக்கிற எடத்துக்குக் கிட்ட வந்தாப் போதும், நீங்க அழுத்திடறீங்க."

"அழுத்தலன்னா இடிச்சுக்குவீங்களேம்மா!"

"இடிச்சுக்கறேனே. அதுக்குத்தானே வந்தேன்?"

அதற்குப் பிறகு அந்த அம்மாள் தன்மையாகத்தான் பேசினார். இடம் இருக்கிறது, நாளைக்குச் சாயங்காலம் கதவைச் சாத்துவதற்குள் நேரில் வந்து சொல்லிவிடுங்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ஆனால் அக்காவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஊரே கையெடுத்துக் கும்பிட்ட கால். அந்தக் காலைப் போய்க் குற்றம் சொல்லிவிட்டார்களே! ராத்திரி படுத்த பிறகும் போர்வைக்குள் அது உதைத்துக்கொண்டே இருந்தது.

மத்தியானம் வகுப்பு முடிந்து மைதானத்துக்குள் காரை விட்டபோது, தகரக் கூரை ஆபீஸ் வாசலில் அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். அண்ணன் இடுப்பில் கை வைத்தால் விஷயம் அவன் காதுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

"வேலைய விடப் போறியாமே. நர்ஸம்மா சொல்லிட்டுப் போகுது. ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத்தான் கடைசி."

"இன்னும் முடிவு பண்ணலண்ணா."

"என்ன படிப்பு அது? அழறவங்க கண்ணத் தொடைக்கறதுக்கு ஒரு படிப்பா? அதையேதான இங்கயும் பண்ற? இங்க காரு வேற சும்மா கெடைக்குது!"

"ஆமா, நீயே மெச்சிக்க. பம்பர் ஆடிக்கிட்டிருக்கு, அதக் கட்டச் சொல்லி எத்தன நாளாச்சு?"

"பேச்ச மாத்தாத. பொம்பளைங்க எல்லாம் உன்ன நம்பித்தான் இங்க வர்றாங்க. என் மூஞ்சியப் பாத்தா வர்றாங்க?"

"அதுக்கு நான் என்ன பண்ண? மூஞ்சி உன்னோடது."

அண்ணனுக்கு மூக்கு விடைத்தது. நல்ல மனுஷன்தான்; ஆனால் கோபம் வந்தால் கையில் கிடைப்பதை எடுத்து எறிகிற ரகம். அப்போது அவன் வாய்க்குக் கிடைத்தது இது: "சொந்தப் புருஷன் வாயத் தொறக்க வைக்கத் துப்பு இல்ல, ஊரான் வாயத் தொறக்கப் போறாளாம்!"

சொன்னவுடனே அவனுக்கே சுருக்கென்றது. உள்ளே போய் மின்விசிறியை வேகமாகத் திருப்பிவிட்டுக்கொண்டான். அக்கா காருக்குள் போய், இரண்டாவது பிரேக் இருக்கிற தன் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள். ஆடிக்கொண்டிருந்த பம்பர் ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது.

அவள் புருஷன் பஸ் டிரைவர். போன வருஷக் கடைசியில் டயர் வெடித்து, பஸ் நடுத் திட்டில் ஏறிக் கம்பத்தில் முட்டி நின்றது. உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு, இவருக்கு நெற்றியில் தையல், அவ்வளவுதான். இவர் மேல் தப்பில்லை என்று டிப்போவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் அதற்குப் பிறகு எந்த ஸ்டியரிங்கையும் தொடவில்லை. பேச்சும் குறைந்தது. பயம் பிடித்துவிட்டது என்றார்கள் எல்லாரும். டிப்போ டாக்டரும் அப்படித்தான் சொல்லி லீவைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தார். அக்கா வீட்டில் பஸ் என்ற வார்த்தையையே ஒழித்துவிட்டாள். டிவியில் வண்டி வேகமாக வந்தால் சேனலை மாற்றினாள். வருகிற திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கிழமையையும் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை.

அவரேதான் இப்போது மைதானத்தின் குறுக்கே வந்துகொண்டிருந்தார், கையில் சாப்பாட்டுப் பையோடு. தினமும் நடந்தே கொண்டுவருவார். பாதி தூரம் வந்திருப்பார், அதுவரைக்கும் பாவ்லா காட்டின மழை ஒரே கொட்டாகக் கொட்டியது. மனுஷன் ஓடி வந்து பின் கதவைத் திறந்தார். பின் சீட் நிறைய, ஓரம் கட்டிப் பழகுவதற்கு நிறுத்துகிற சிவப்புக் கூம்புகள். முன்னால் ஓடி வந்து, காலியாக இருந்த ஒரே இடத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அது ஓட்டுகிறவர் இடம்.

ஸ்டியரிங்குக்கு முன்னால் புருஷன் உட்கார்ந்திருந்தது அக்காவுக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. மூச்சு விடக்கூட யோசனையாக இருந்தது. பார்க்காததுபோல டப்பாவைத் திறந்தாள். சோறும் அவித்த முட்டையும். முட்டை கச்சிதமாக உரித்து, உப்பும் மிளகும் தூவி இருந்தது.

"திங்கக்கெழம..." என்றார் அவர்.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க? அது பாட்டுக்கு வரட்டும். எல்லாம் சரி..."

"பாரு," என்றார் அவர்.

"என்னத்தப் பாக்க?"

"கீழ பாரு. என் கால் சும்மாதான் இருக்கு. பெடல் தானா எறங்குது."

குனிந்தாள். அவர் காலுக்கு முன்னால் முதல் பிரேக் அடிவரைக்கும் உள்ளே போயிருந்தது. இந்தப் பக்கம் தன் கால் இரண்டாவது பிரேக்கின் மேல் கல்லாக நின்றிருந்தது. வீட்டில் தரைக்குத்தான் தெரியும். இங்கே அழுத்தினது அப்படியே அவர் பக்கம் தெரிந்தது.

நேற்று அந்த அம்மாள் சொன்னது, சற்று முன் அண்ணன் சொன்னது, இப்போது இந்த மனுஷன் விரல் நீட்டிக் காட்டுவது, எல்லாம் சேர்ந்து அவளுக்கு உச்சிக்கு ஏறியது. செருப்பை உதறினாள். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போதுமா? இப்ப பிரேக் இல்ல. சொல்லுங்க. என்னதான் சொல்லணுமோ சொல்லித் தொலைங்க."

அவர் மழை வழிகிற முன் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, "எனக்குப் பயம் இல்ல," என்றார்.

அவளுக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பயப்பட என்ன இருக்கிறது, எல்லாருக்கும் வருவதுதான் என்று சொல்ல. முட்டையைக் கடித்து வாயை அடைத்துக்கொண்டாள்.

"கம்பத்துல முட்டி வண்டி நின்னுச்சு பாரு. பின்னாடி எல்லாரும் கத்தறாங்க. நெத்தியில ரத்தம். அப்ப எனக்கு மனசுல வந்த மொத வார்த்த என்ன தெரியுமா? அப்பாடா. அதான் வந்துச்சு. அப்பாடா, விட்டுச்சுன்னு."

"என்ன விட்டுச்சு?"

"பஸ்ஸு. எனக்கு அது புடிக்கல. ஏறின நாள்லேர்ந்து புடிக்கல. இருபது வருஷமா என் முதுகப் பாத்தே கத்தறானுங்க. நிறுத்துன்னு கத்தறான், நிறுத்தினா ஏன் நிறுத்தினன்னு கத்தறான். எவன் கத்தறான்னு திரும்பிப் பாக்கவும் கூடாது. டிப்போவுல தொலஞ்ச சாமான் வெக்கிற ரூம் இருக்கு. அங்க இருந்தவரு வேலைய விட்டுப் போயிட்டாரு. அதக் கேக்கப் போறேன்."

"குடை வெக்கிற ரூமா?"

"குடை, டிபன் பாக்ஸ், ஒத்தக் கால் செருப்பு. எல்லாம் அது அது எடத்துல சும்மா இருக்கும். தேடிக்கிட்டு வர்றவங்க கையில குடுத்தா சிரிக்கறாங்க. நான் பாத்திருக்கேன். பஸ்ஸ விட்டு எறங்கறப்ப எவனாவது என்னப் பாத்துச் சிரிச்சிருக்கானா?"

அக்கா முட்டையை விழுங்கினாள். அது தொண்டையில் மெதுவாக இறங்கியது. அதற்குப் பின்னாலேயே கோபம் மேலே வந்தது.

"அப்ப மாசக்கணக்கா நான் பூனை மாதிரி நடந்தது எதுக்கு? டிவியில ஒரு வண்டி வேகமா வந்தா சேனல மாத்தினேனே!"

"நான் மாத்தச் சொன்னனா? எத்தன நல்ல படம் பாதியில போச்சு. முடிவே தெரியாது எனக்கு."

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்றதுக்கென்ன?"

"சொல்ல விட்டியா நீ?" என்றார் அவர். குரல் ஏறியது. மாசக்கணக்கில் முதல் தடவையாகக் குரல் ஏறியது. "வாயத் தொறப்பேன். 'எல்லாம் சரியாயிடும்'ப. மறுபடி தொறப்பேன். 'மறுபடி நல்லா ஓட்டுவீங்க'ம்ப. ஓட்ட மாட்டேன்னு சொல்லத்தானடி வாயத் தொறந்தேன்! ஊர்ல போறவ வர்றவ எல்லாம் இதே சீட்டுல உக்காந்து உங்கிட்டக் கொட்டிட்டுப் போறா. நான் மட்டும் காசு கட்டி லைசன்ஸுக்கு வரணுமா?"

காலை இறக்க வேண்டும் போல இருந்தது. கெண்டைக்கால் துடித்தது. டப்பாவால் முழங்காலை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் என்ன சொல்ல வருகிறார் என்று அவளுக்கு உள்ளுக்குள் தெரியும், தெரிந்ததால்தான் இத்தனை நாள் அழுத்தினாள். அவர் பாதி சொன்னதிலேயே மீதி அவளுக்குக் கேட்டிருந்தது. கேட்டால் தன் ஆசை போச்சு. ஒரு வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பேர் வேலையை விட முடியுமா?

"நானும் விடப் போறேன்," என்றாள்.

"எத?"

"இத. இந்தக் கார. கவுன்சிலிங் படிக்கப் போறேன். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள போய்ச் சொல்லணும்."

அவர் முதல் தடவையாகக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்தாப்புல விட்டா? குடைய அவிச்சுத் திங்கறதா?"

"நீங்க இப்பத்தானே சொன்னீங்க! உங்களுக்கு மட்டும்தான் அப்பாடா வருமா? எனக்கு வராதா?"

"எனக்குச் சொல்ல ஒரு வருஷம் ஆகப் போகுது. என் கதையக் கேக்கறதுக்கே உனக்குக் காலத் தூக்கிக் கட்டிப்போட வேண்டியிருக்கு. நீ போயி ஊர்க்கதையக் கேக்கப் போறியா? உனக்கு அது வரவே வராது!"

"அதனாலதாங்க போறேன்!" என்று அவள் கத்தினாள். "வரலன்னுதான் போறேன்! நல்லா வரும் நல்லா வரும்னு ஊரே சொல்லுச்சு. ஒருத்தியாவது உண்மையச் சொன்னாளா? நேத்து ஒரு அம்மா சொன்னாங்க. இன்னிக்கு நீங்க சொல்றீங்க. எனக்குக் கேக்கவே தெரியாது. அமுக்கத்தான் தெரியும். தெரியலன்னா கத்துக்கத்தான போகணும்?"

கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. இத்தனை நாள் யோசித்து வராத முடிவு, கோபத்தில் வாய் தவறி விழுந்து மடியில் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துத் திரும்ப உள்ளே வைக்கத் தோன்றவில்லை.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ஒரு கையில் குடையும் மறு கையில் தொங்கிய பம்பருமாக அண்ணன் நின்றான். உள்ளே ஸ்டியரிங்குக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பார்த்ததும் அவன் முகம் பூவாக மலர்ந்துவிட்டது.

"மாப்ள! அப்படி வாங்க! எனக்குத் தெரியும், நீங்க மறுபடி ஓட்டுவீங்கன்னு! எல்லாம் சரியாயி..."

"நீ கொஞ்சம் சும்மா இருண்ணா!" என்றாள் உள்ளேயிருந்து தங்கச்சி.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மச்சான்!" என்றார் அதே மூச்சில் மாப்பிள்ளை.

அண்ணன் பம்பரோடு இரண்டடி பின்னால் போனான்.

மழை விட்ட பாடில்லை. மையம் ஊருக்கு அந்தப் பக்கம். அக்கா மணி பார்த்தாள். "எறங்குங்க. நான் ஓட்டறேன். நீங்க ஓட்ட மாட்டீங்க, அது தெரிஞ்சுபோச்சு."

இருவரும் இறங்கிக் காரைச் சுற்றினார்கள். சம்மணம் போட்ட கால் மரத்துப்போய் அவள் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். எதிரில் வந்தவர் கை கொடுக்கலாமா என்று யோசித்து, அவள் மூஞ்சியைப் பார்த்து, வேண்டாம் என்று முடிவுசெய்து, குடை இல்லாத தலையை மட்டும் ஒதுக்கி வழிவிட்டார்.

"ஏய், எங்க? அடுத்த கிளாஸ் இருக்கு! வண்டி என்னோடது!" என்றான் அண்ணன்.

"காலு என்னோடது!" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள்.

முதல் கியர், இரண்டாவது கியர். மைதானத்துச் சேற்றைக் கிழித்துக்கொண்டு கார் வாசலுக்கு வந்தது. வெளியே பெரிய ரோடு. ஒரு பக்கம் போனால் வீடு, மறு பக்கம் போனால் மையம். மறு பக்கத்துக்கு இண்டிகேட்டரைப் போட்டு அக்கா ஸ்டியரிங்கை ஒடித்தாள். அவள் காலுக்கடியில் பிரேக் தானாக உள்ளே போனது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி, எஞ்சின் அணைந்து, பாதி ரோட்டில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. பின் சீட்டில் கூம்புகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்தன.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண் ரோட்டில்.

"கால எடுங்க."

"நான் வெக்கல."

"அப்ப பெடல் தானா எறங்குதா?"

மழை கூரை மேல் கொட்டியது. ஒரு பஸ் நிறைய ஆட்களோடு எதிரே போனது. டிரைவரின் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் ஏதோ கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் அது போய் மறைகிறவரைக்கும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் விட்டா எப்படின்னு யோசிச்சியா?"

"யோசிக்கல. ராத்திரி வீட்டுல உக்காந்து யோசிப்போம். கத்திக்கிட்டே யோசிப்போம். இப்பக் கால எடுங்க."

பிறகு பக்கத்தில் ஒரு முனகல், ஈர வேட்டியின் சரசரப்பு, சீட்டு ஸ்பிரிங்கின் கிறீச்சு. இத்தனை வருஷம் பஸ் ஓட்டித் தடித்துப்போன காலைக் கையால் பிடித்துத் தூக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக மடக்கி, மனுஷன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு செருப்பு பெடல் மேலேயே கிடந்தது. குனிந்து அதையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் காலுக்கடியில் பிரேக் மெல்ல மேலே வந்தது.

"மெதுவாப் போ," என்றார்.

"வாயால எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுங்க," என்று அக்கா சாவியைத் திருப்பினாள்.

"மெதுவாப் போ."

"ம்," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. மெதுவாகவும் போகவில்லை.